ஒன்பதாம் கேள்வி

ஜனவரி 9

செல்ல மகளுக்கு,

இந்தக் கோணல்மாணல் எழுத்தைப் பார்த்து யாரோ சின்னக் குழந்தை எழுதியது என்று கவரைத் திருப்பிப் பார்த்திருப்பாய். நான்தான், உன் அப்பாதான். மன்னித்துக்கொள். வரிகள் ஒரு பக்கம் மேட்டில் ஏறுகின்றன, மறுபக்கம் பள்ளத்தில் விழுகின்றன. ஒரு சொல் எழுதி முடிப்பதற்குள் அடுத்த சொல் மறந்துபோகிறது. இந்தக் கடிதத்துக்கு மூன்று நாள் ஆயிற்று.

நூலகத்துப் பின்னறையில் முதியோர் வகுப்புக்குப் போகிறேன் என்று போனில் சொன்னேன் அல்லவா? ஏழு மாதம் முடிந்தது. எனக்குப் பக்கத்து நாற்காலியில் ஒரு தையல்காரம்மா. நான் எழுதுவதைப் பார்த்து, “பேனாவ ஏன் பெரியவரே இப்படி இறுக்கிப் புடிக்கிறீங்க? அது எங்கயும் ஓடிப்போயிடாது” என்கிறார். அவர் எழுத்து மட்டும் நூல் பிடித்த மாதிரி இருக்கிறது.

இப்போது கண்ணில் படுவதையெல்லாம் படிக்கிறேன். கடைப் பலகை, மருந்துச் சீசா, லாரியின் முதுகு. நேற்று பஸ்ஸில் ‘கை, தலையை வெளியே நீட்டாதீர்’ என்று எழுதியிருந்தது. இத்தனை வருஷம் நீட்டிக்கொண்டே போயிருக்கிறேன்.

அது போகட்டும். உன் வேலை என்ன வேலை? ராணுவத்தில் மனநல டெக்னீஷியன் பயிற்சி என்றாய். கேட்கிறவர்களிடம், மகள் மனசுக்கு ரிப்பேர் பார்க்கிறாள் என்று சொல்லி வைத்திருக்கிறேன். சரியா? ராணுவ முகாம் சலவைக்கூடத்தில் முப்பது வருஷம் பாய்லர் பார்த்தவன் நான். அதில் உள்ளே எவ்வளவு அழுத்தம் என்று காட்ட ஒரு முள் இருக்கும். மனசுக்கு அப்படி முள் உண்டா? எங்கே வைத்துப் பார்ப்பீர்கள்? விவரமாக எழுது. போனில் சொன்னால் காற்றோடு போய்விடுகிறது. எழுதினால் திரும்பத் திரும்பப் படிப்பேன்.

உன் அப்பா

ஜனவரி 20

அன்புள்ள அப்பாவுக்கு,

உங்கள் கடிதத்தை அறையில் எல்லோரிடமும் காட்டிவிட்டேன். எத்தனை பேர் கேட்டாலும் கையில் கொடுக்கவில்லை, தூரத்தில்தான் காட்டினேன். முழங்கால் வலியைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. அதுதான் எனக்குக் குறை.

ரிப்பேர் இல்லை அப்பா. என்ன நோய் என்று சொல்வதும் மருந்து எழுதுவதும் டாக்டர். அவருக்கு முன்னால் ஆளைப் பார்ப்பது நாங்கள். வருகிறவரை உட்கார வைத்து, நாடி, ரத்த அழுத்தம் பார்த்து, தூக்கம், பசி, வீடு, வேலை எல்லாம் கேட்போம். வார்டில் சேர்ந்தால் பெல்ட், ஷூ கயிறு, சவர பிளேடு எல்லாவற்றையும் வாங்கிப் பட்டியல் போட்டு வைப்போம். தன்னைத்தானே ஏதாவது செய்துகொள்வாரோ என்று பயமிருந்தால், பதினைந்து நிமிடத்துக்கு ஒரு தரம் போய்ப் பார்த்து எழுதுவோம். அந்த எண்ணம் இருக்கிறதா என்று நேராகவே கேட்கச் சொல்லித் தருகிறார்கள். கேட்டால் இல்லாத எண்ணம் வந்துவிடும் என்று நானும் பயந்தேன். அப்படி வராதாம். பயிற்சி முடிந்ததும் ஒரு படைப்பிரிவோடு அனுப்புவார்கள். வண்டிப் பட்டறைக்கும் சமையற்கூடத்துக்கும் நாங்களே போய்ப் பேச வேண்டும். எங்கள் அறைக்கு வர வெட்கப்படுகிறவர்கள், இன்ஜினுக்கு அடியில் படுத்துக்கொண்டால் தாராளமாகப் பேசிவிடுவார்களாம்.

முள் கிடையாது. கேட்பதும், பதில் வரும் வரை காத்திருப்பதும்தான். எனக்கு அந்தக் காத்திருப்பதுதான் வரவில்லை. எத்தனை நொடி காத்திருக்கிறோம் என்று எண்ணுவதால் எங்கள் பயிற்சியாளருக்கு ‘கடிகாரம்’ என்று பெயர் வைத்திருக்கிறோம். அவர் நோயாளியாக நடிப்பார், நாங்கள் விசாரிக்க வேண்டும். சென்ற வாரம் கைக்குழந்தையின் முகத்தைப் பார்க்க மாட்டேன் என்கிற தாயாக நடித்தார். நான் ஒரு நொடிகூடக் காத்திருக்காமல் அடுத்த கேள்விக்குத் தாவிவிட்டேன். மறுபடி செய்யச் சொன்னபோதும் அப்படியே. ஏப்ரலில் கடைசித் தேர்வு.

வகுப்பு முடிந்ததும் அவர் என்னைத் தனியாகக் கூப்பிட்டு, “உனக்கும் உங்க அம்மாவுக்கும் நடுவுல என்ன இருந்துச்சு?” என்றார். எட்டு வயது வரை அம்மா இருந்தாள். அவள் என்னைத் தூக்கிய ஞாபகமே இல்லை அப்பா. மடியில் வைத்துக்கொள்வாள், நகம் வெட்டுவாள். ஆனால் மாடிப்படி ஏறும்போது அத்தைதான் என்னைத் தூக்குவாள். அம்மா கையைக் கட்டிக்கொண்டு பின்னால் வருவாள். அவளுக்கு என்னைப் பிடிக்காதோ? உங்களிடம் இதை ஒரு தடவைகூடக் கேட்டதில்லை. எழுத்தில் கேட்பது சுலபமாக இருக்கிறது.

உங்கள் மகள்

ஜனவரி 30

செல்ல மகளுக்கு,

உன் கடிதத்தை ஐந்து நாள் படித்தேன். ஒரு நாளைக்கு ஒரு பத்தி. முழங்கால் நன்றாக இருக்கிறது, வலிக்கவும் செய்கிறது.

எனக்குச் சந்தேகம் மேல் சந்தேகமாக வருகிறது. ஷூ கயிற்றை வாங்கிக்கொண்டால் அவர்கள் எப்படி நடப்பார்கள், செருப்பு கொடுப்பீர்களா? ஒருவன் பொய் சொன்னால் எப்படித் தெரியும்? பைத்தியம் மாதிரி நடிக்கும் பயிற்சியாளர் சாயங்காலம் வீட்டுக்குப் போனதும் சரியாகிவிடுவாரா? தையல்காரம்மாவிடம் இதையெல்லாம் சொன்னேன். அவருக்கும் ஒரு கேள்வி: கேட்டுக்கொண்டே இருக்கிற உங்களை யார் கேட்பார்கள்? “பொண்ணுக்கு இதையும் எழுதுங்க, ஆனா என் பேரைப் போடாதீங்க” என்றார். போடவில்லை.

நீங்கள் கேட்கும் கேள்விகளை எனக்கு அனுப்பேன். என்னையே நோயாளியாக வைத்துப் பழகு. நான் தாவ மாட்டேன். நான் ஒரு வரி எழுதுவதற்குள் உனக்குக் காத்திருக்கும் பழக்கம் தானாக வந்துவிடும்.

அம்மாவுக்கு உன்னைப் பிடிக்கும். அதில் என்ன சந்தேகம்.

உன் அப்பா

பிப்ரவரி 8

அன்புள்ள அப்பாவுக்கு,

செருப்பு கொடுப்போம். பொய் சொன்னால் பல சமயம் தெரியாது. கடிகாரம் எப்போதுமே சரியாகத்தான் இருக்கிறார். தையல்காரம்மாவின் கேள்வியை வகுப்பில் கேட்டேன். வாரம் ஒருமுறை நாங்களும் ஒருவர் முன்னால் உட்கார்ந்து பேச வேண்டுமாம். நல்ல கேள்வி என்று பாராட்டினார்கள், அவரிடம் சொல்லுங்கள்.

பத்துக் கேள்விகளைத் தனித்தாளில் பெரிய எழுத்தில் எழுதி வைத்திருக்கிறேன். பதில் வந்ததும் நான் உங்களைப் பற்றி ஒரு குறிப்பு எழுதி அனுப்புவேன். அதற்கு ஒரே விதி: பார்த்ததையும் கேட்டதையும் மட்டும்தான் எழுதலாம். ‘சோகமாக இருந்தார்’ என்று எழுதினால் கடிகாரம் அந்த வரியையே அடித்துவிடுவார். ‘தரையைப் பார்த்தார், தட்டைத் தள்ளி வைத்தார்’ என்று எழுத வேண்டும்.

உங்கள் கடைசி இரண்டு வரிகளையும் படித்தேன். நான் கேட்டது அதில்லை அப்பா.

உங்கள் மகள்

பிப்ரவரி 17

செல்ல மகளுக்கு,

பதில்களை வரிசையாக எழுதுகிறேன்.

ஒன்று, தூக்கம். படுத்தால் வருகிறது. நாற்காலியில் உட்கார்ந்தால் இன்னும் நன்றாக வருகிறது. இரண்டு, பசி. உண்டு, என் சமையலைப் பார்த்ததும் கொஞ்சம் குறையும். மூன்று, வேலை. பாய்லர், சொன்னேன். நான்கு, நண்பர்கள். வகுப்பில் ஆறு பேர், அதில் ஒருவர் காது கேளாதவர், அவரோடுதான் நிறையப் பேசுகிறேன். ஐந்து, குடி. இல்லை. புகை, பாய்லர் விட்டதுதான். ஆறு, யாருக்கும் கேட்காத குரல் எனக்கு மட்டும் கேட்கிறதா? படிக்கும்போது மண்டைக்குள் ஒரு குரல் கேட்கிறது. டீச்சரிடம் பயந்துபோய்க் கேட்டேன். எல்லோருக்கும் கேட்குமாம், மனசுக்குள் படிப்பது என்றால் அதுதானாம். ஏழு, சாக வேண்டும் என்ற எண்ணம். நீ நேராகக் கேட்டது எனக்குப் பிடித்தது. இல்லை. இப்போதுதானே படிக்கவே ஆரம்பித்திருக்கிறேன். எட்டு, எதில் சந்தோஷம். நேற்று ஒரு பூட்டிய வீட்டு வாசலில் ‘நாய் ஜாக்கிரதை’ என்று படித்தேன். நாயைக் காணோம். வெகு நேரம் நின்று தேடினேன். பத்து, இனி என்ன ஆசை. நூலகத்தில் மேல் தட்டு வரைக்கும் போக வேண்டும்.

குறிப்பைச் சீக்கிரம் அனுப்பு. என்னைப் பற்றி யாரும் எழுதி நான் படித்ததில்லை.

உன் அப்பா

பிப்ரவரி 26

அன்புள்ள அப்பாவுக்கு,

இதோ குறிப்பு.

‘வயது எழுபத்தொன்று. விசாரணைக்குத் தானாக முன்வந்தார். கேள்விகளுக்கு வரிசையாக, விவரமாகப் பதில் தந்தார். நகைச்சுவையாகப் பேசினார். தூக்கம், பசி உண்டு. தற்கொலை எண்ணம் இல்லை என்றார். புதியதைத் தெரிந்துகொள்வதில் மகிழ்ச்சி என்றார். குடும்பத்தில் யாருக்காவது மனநலச் சிகிச்சை நடந்ததா என்ற ஒன்பதாம் கேள்விக்குப் பதில் தர மறுத்தார்.’

கடைசி வரியைப் பற்றிக் கோபப்படாதீர்கள். படிவத்தில் எந்தக் கட்டத்தையும் காலியாக விடக்கூடாது என்பது எங்கள் விதி. பதில் இல்லையென்றால் அப்படித்தான் எழுத வேண்டும்.

நான் காத்திருக்கிறேன் அப்பா. அடுத்த கேள்விக்குத் தாவவில்லை.

உங்கள் மகள்

மார்ச் 6

செல்ல மகளுக்கு,

குறிப்பைத் தையல்காரம்மாவிடம் வாசித்துக் காட்டினேன். ‘நகைச்சுவையாகப் பேசினார்’ என்பதை இரண்டு தரம் வாசித்தேன். கடைசி வரி வந்ததும் தாளை மடித்துவிட்டேன். நான் மறுக்கவில்லை மகளே. உன் அம்மாவுக்கு ஒரு வாக்குக் கொடுத்திருந்தேன். நாலு நாள் யோசித்தேன். அவள் இருந்தால் இப்போது என்ன சொல்வாள் என்று எனக்குத் தெரியவில்லை. நீ தெரிந்துகொள்வது நியாயம் என்பது மட்டும் தெரிகிறது.

நீ பிறந்து இரண்டு மாதத்தில் அவள் பேச்சை நிறுத்தினாள். சாப்பாட்டை நிறுத்தினாள். முகாம் ஊழியர் குடும்பம் என்பதால் ராணுவ மருத்துவமனையில் சேர்த்தோம். நாலு மாதம் இருந்தாள். கேட்டவர்களிடம் அக்கா வீட்டுக்குப் போயிருக்கிறாள் என்றோம். உன்னை அத்தை பார்த்துக்கொண்டாள். மூன்றாம் வாரம் உன்னைத் தூக்கிக்கொண்டு அவளைப் பார்க்கப் போனேன். வாசல் காவலர், “குழந்தையக் கொண்டு வர வேணாம்னு உங்க வீட்டம்மா சொல்லிட்டாங்க” என்றார். திரும்பி வந்துவிட்டேன். ஏன் என்று அன்றும் கேட்கவில்லை, பிறகும் கேட்கவில்லை. உன்னைப் பிடிக்கவில்லை என்று அவள் வாயால் கேட்க எனக்குத் தைரியம் இல்லை.

வீட்டுக்கு அனுப்பும்போது வார்டில் இருந்த சிப்பாய் ஒருவர் ஒரு தாளை என் கையில் கொடுத்தார். உன் வேலையைத்தான் அவர் செய்திருக்கிறார் என்று இப்போது புரிகிறது. “உங்க வீட்டம்மா அனுமதிச்சிருக்காங்க. வீட்டுல நிதானமா படிச்சுப் பாருங்க” என்றார். எனக்குப் படிக்கத் தெரியாது என்று சொல்ல வெட்கப்பட்டுத் தலையை ஆட்டினேன். வழியில் அவள், “நான் இங்க இருந்தது யாருக்கும் தெரிய வேணாம்” என்றாள். அதனால் வேறு யாரிடமும் கொடுத்துப் படிக்கவும் முடியவில்லை. அவளிடமும் கேட்கவில்லை. தாள் என் பெட்டியில்தான் இருக்கிறது.

இப்போது எனக்குப் படிக்கத் தெரியும். ஆனால் இத்தனை நாள் எடுக்கவில்லை. பயந்தது அதில் இருந்துவிட்டால்?

உன் அப்பா

மார்ச் 13

அப்பா,

உங்கள் கடிதத்தை வார்டுக்குப் பின்னால் துணி காயப்போடும் இடத்தில் நின்று படித்தேன். பிறகு உள்ளே போய் வேலை பார்த்தேன். உங்கள் மீது கோபம் கொஞ்சம் இருக்கிறது, இல்லை என்று பொய் எழுத மாட்டேன்.

அந்தத் தாள் எங்களுடையதைப் போன்றதுதான் என்றால், அதில் அம்மா நல்லவளா கெட்டவளா என்று இருக்காது. பார்த்ததும் கேட்டதும்தான் இருக்கும். எதுவாக இருந்தாலும் எனக்கு வேண்டும். அவர் எழுதியபடியே எழுதுங்கள். நல்லதாக மாற்றி எழுதாதீர்கள்.

உங்கள் மகள்

மார்ச் 23

செல்ல மகளுக்கு,

எடுத்துவிட்டேன். தாள் மஞ்சளாகி, மடிப்பில் கிழிந்திருக்கிறது. நல்ல உருண்டையான கையெழுத்து. எனக்கு இன்னும் வேகம் வரவில்லை, ஒரு நாளைக்கு நாலு வரிதான் முடிகிறது. எழுத்துக்கு எழுத்து பார்த்து எழுதியிருக்கிறேன், ஒரு சொல்லும் மாற்றவில்லை.

‘முதல் வாரம். சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்திருந்தார். பேசவில்லை. சாப்பாடு பாதி.

இரண்டாம் வாரம். இரண்டு முறை மணி கேட்டார். எதற்கு என்று கேட்டேன். பாப்பாவுக்குப் பால் கொடுக்கும் நேரம் என்றார்.

மூன்றாம் வாரம். குழந்தையைக் கொண்டு வர வேண்டாம் என்று வாசலில் சொல்லச் சொன்னார். ஏன் என்று கேட்டேன். பதில் இல்லை. பத்து நிமிடம் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். “கை நடுங்குது. வாங்கினா போட்டுடுவேன்” என்றார். அழுதார்.

ஆறாம் வாரம். கை நடுக்கம் இருந்தது. தலையணையை இரண்டு கையாலும் அணைத்துக்கொண்டு வார்டுக்குள் நடந்தார். எதற்கு என்று கேட்டேன். “பழகிக்கிறேன்” என்றார். இரண்டு முறை நழுவியது. எடுத்துக்கொண்டு மறுபடி நடந்தார்.’

முன்பக்கம் இவ்வளவுதான்.

மூன்றாம் வாரத்தில் முதல் வரி எனக்குத் தெரியும். வாசலில் நின்று கேட்டதுதான். அதற்கு அடுத்த வரியை இருபத்தைந்து வருஷம் கழித்துப் போன புதன்கிழமை படித்தேன். மூன்று நாள் வகுப்புக்குப் போகவில்லை. தையல்காரம்மா வீட்டுக்கே வந்து, “என்ன பெரியவரே, எல்லாம் படிச்சு முடிச்சிட்டீங்களா?” என்றார். இல்லை, இப்போதுதான் ஒரு பக்கம் படித்தேன் என்றேன். கொஞ்ச நேரம் உட்கார்ந்துவிட்டுப் போனார்.

ஒன்பதாம் கேள்விக்கு என் பதில் இதுதான். கட்டத்தில் எழுதிக்கொள்.

தாளை அனுப்பவில்லை. தபாலில் தொலைந்துவிட்டால் தாங்க மாட்டேன். தேர்வு முடிந்து நீ வரும்போது உன் கையில் தருகிறேன்.

அந்தச் சிப்பாய் பின்பக்கமும் எழுதியிருக்கிறார் மகளே. மேலே ‘எட்டாம் வாரம்’ என்று இருக்கிறது. அதற்குக் கீழே பதினோரு வரி. கண்ணை ஓட்டிப் பார்த்ததில் ‘குழந்தை’ என்ற சொல் நான்கு இடத்தில் தென்பட்டது. என்ன சொல்கிறார் என்று தெரிந்துகொள்ள மனசு பறக்கிறது, கண்தான் பின்னால் நொண்டிக்கொண்டு வருகிறது. நாளைக் காலை ஆரம்பித்தால் புதன்கிழமைக்குள் முடித்துவிடுவேன். அடுத்த வாரம் அந்தப் பதினோரு வரியையும் எழுதுகிறேன்.

உன் அப்பா