முப்பத்தோராவது கட்டம்

பிப்ரவரி 3, செவ்வாய்

வகுப்புப் படத்தைப் பள்ளி இணையதளத்தில் போடும் வேலை என் தலையில் விழுந்தது. எந்த முகத்தின் மேல் மவுஸ் போகிறதோ அவர் பெயரும், அவரைப் பற்றி ஒரு வரியும் தெரிய வேண்டுமாம். "ஜாவாஸ்கிரிப்ட் ஒரு வரிகூட இருக்கக் கூடாது. சிஎஸ்எஸ் மட்டும்தான். ஏன்னு உனக்கே தெரியும்" என்றார் கம்ப்யூட்டர் மிஸ். சிஎஸ்எஸ் நிறத்தையும் இடத்தையும்தான் மாற்றும்; ஜாவாஸ்கிரிப்ட் பக்கத்தை என்ன வேண்டுமானாலும் செய்யவைக்கும்.

தெரியும். என்னைவிட யாருக்குத் தெரியும்? டிசம்பரில் எங்கள் பள்ளித் தளத்தைத் திறந்தவர்களுக்கெல்லாம் பிரின்சிபாலைக் கிண்டல் செய்து ஒரு செய்திப் பெட்டி திரையில் வந்தது. மூட மூடத் திரும்ப வந்தது. அந்த ஜாவாஸ்கிரிப்டை எழுதியவள் நான். என் பக்கத்தில் உட்காரும் சிநேகிதி சுருட்டை, பள்ளித் தளத்தில் தன் கணக்கை மூடாமல் தண்ணீர் குடிக்கப் போயிருந்தாள். சும்மா சிரிக்கலாமே என்று அவள் கணக்கிலேயே எழுதினேன். பெற்றோர் கூட்டத்தில் பெரிய திரையில் வந்து நின்றது. அவளைப் பள்ளியை விட்டே அனுப்பிவிட்டார்கள். நான் வாயைத் திறக்கவில்லை.

அக்கா புரண்டு படுக்கிறாள். போதும்.

பிப்ரவரி 5, வியாழன்

படத்தின் மேல் கண்ணுக்குத் தெரியாத கட்டங்கள், முகத்துக்கு ஒன்று. இடமிருந்து இத்தனை சதவீதம், மேலிருந்து இத்தனை சதவீதம் என்று அளந்து அளந்து வைக்கிறேன். நெட்டைக்கொக்கின் கட்டம் முன்வரிசைக் குண்டுமணியின் மேல் விழுந்துவிட்டது. "என் தலையில அவன் பேரு வருது, கண்ணு தெரியலையாடி உனக்கு?" என்று சண்டைக்கு வந்தாள்.

படத்தில் முப்பத்திரண்டு பேர். நவம்பரில் எடுத்தது. சுருட்டை என் தோளில் கை போட்டுச் சிரிக்கிறாள். "அந்தப் பொண்ணுக்குக் கட்டம் வேண்டாம்மா, விட்டுடு" என்றார் மிஸ், திரையைப் பார்க்காமல்.

"சரிங்க மிஸ்" என்றேன். வேறு என்ன வரும் என் வாயில்?

பிப்ரவரி 6, வெள்ளி

முப்பது முடிந்தது. என்னுடையது மட்டும் பாக்கி. சுருட்டையின் முகத்தின் மேல் மவுஸ் போனால் ஒன்றுமே நடப்பதில்லை. சுவரைத் தடவுகிற மாதிரி.

பிப்ரவரி 9, திங்கள்

செய்துவிட்டேன். மிஸ் பார்த்துச் சரி சொன்ன பிறகு, ஏற்றுவதற்கு முன்னால், என் கட்டத்தில் "கணக்கு பிடிக்கும்" என்பதற்குக் கீழே இன்னொரு வரி சேர்த்தேன்: டிசம்பரில் அந்த ஸ்கிரிப்டை எழுதியது நான், சுருட்டை இல்லை.

நாளைக்கு என்ன ஆகும்?

பிப்ரவரி 11, புதன்

ஒன்றும் ஆகவில்லை. அம்மா போனில் என் கட்டத்தைத் தொட்டுப் பார்த்து, "கணக்கு பிடிக்குமா? மார்க்கைப் பார்த்தா அப்படித் தெரியலையே" என்று சிரித்தாள்.

எல்லோரும் போனில்தான் பார்க்கிறார்கள். அது எனக்குத் தெரியாதா? மற்றதெல்லாம் விரல் பட்டாலும் திறக்கும். அந்த ஒரு வரிக்கு மட்டும் 'மவுஸ் இருந்தால் மட்டும் காட்டு' என்று நிபந்தனை எழுதியது யார்? பேயா வந்து எழுதிச்சு? சொன்ன மாதிரியும் ஆச்சு, மாட்டிக்காத மாதிரியும் ஆச்சு. தூ.

பிப்ரவரி 12, வியாழன்

நிபந்தனையை அழித்துவிட்டேன். பயமா இருக்கு. ரொம்பப் பயமா இருக்கு.

பிப்ரவரி 17, செவ்வாய்

அந்த வரியை எல்லோரும் பார்த்துவிட்டார்கள். பத்து நாள் நான் பள்ளிக்குப் போகக் கூடாதாம். அப்பா என்னிடம் பேசுவதில்லை. பிரின்சிபாலே சுருட்டை வீட்டுக்குப் போன் செய்து திரும்ப வரச் சொன்னாராம். வரமாட்டேன் என்றுவிட்டாளாம்.

சாயங்காலம் அவளே என் அம்மா போனுக்குக் கூப்பிட்டாள்.

"நீதான்னு அன்னைக்கே தெரியும்டி. என் பக்கத்துல உன்னைத் தவிர யாரு இருந்தா?"

"அப்ப ஏன் சொல்லல?"

"நீ சொல்லுவேன்னு பார்த்தேன். ஒரு வாரம் பார்த்தேன். அதுக்குள்ள புது ஸ்கூலுக்கு யூனிஃபார்ம் தைக்கக் குடுத்துட்டாங்க."

எனக்கு அழுகை வந்துவிட்டது. கொஞ்ச நேரம் கேட்டுக்கொண்டிருந்தாள்.

"சரி, பஸ் வந்துடுச்சு. வெச்சிடறேன்" என்றாள்.

அவளுக்குப் பின்னால் வீட்டு மின்விசிறி ஓடும் சத்தம் மட்டும்தான் கேட்டது.