வெற்றிலைப் பையில் மாத்திரை

என் அம்மாவுக்கு,

எழுத்து தெரியாத உனக்கு ஒரு கடிதம். குவைத்திலிருந்து அப்பா எழுதியதையெல்லாம் நான்தானே உனக்குப் படித்துக் காட்டினேன்? இதையும் உன் படத்துக்கு முன்னால் உட்கார்ந்து நானே படிக்கிறேன். கேள்.

கல்லணையிலிருந்து புது ஆற்றில் தண்ணீர் வந்துவிட்டது. நாற்று பறிக்கத் தொடங்கிவிட்டார்கள். உன் இடத்தில் இப்போது மல்லிகா அத்தை முதல் ஆளாக வயலில் இறங்குகிறார்.

அந்த மாலை உனக்கு நினைவிருக்குமா? போதைப் பழக்கம் எந்த வயதில் எவ்வளவு இருக்கிறது என்று நாடு முழுக்க ஒரு கணக்கெடுப்பு. வீடு வீடாகக் கேட்கப் பல்கலைக்கழகத்திலிருந்து என்னையும் சேர்த்திருந்தார்கள். மறுநாள் வேலை தொடக்கம். வீட்டில் ஒத்திகை பார்த்தேன். திருப்பூரிலிருந்து வந்திருந்த தம்பியை எதிரே உட்கார வைத்தேன். அவன் கண் சிவந்திருந்தது.

"கஞ்சா?"

"போக்கா. பனியன் கம்பெனில நைட் ஷிப்ட் பாரு, ஒனக்கும் செவக்கும்."

நீ கீரை ஆய்ந்துகொண்டிருந்தாய்.

"என்னை ஒண்ணும் கேக்க மாட்டியா பாப்பா?"

"ஒன்னக் கேட்டேன்னா ஆபீஸ்ல சிரிப்பாங்கம்மா."

"சிரிக்கட்டுமே. கேளேன்."

நான் கேள்வித்தாளை மடித்து வைத்தேன். நீயும் சிரித்தாய். எதற்காகச் சிரித்தாய்?

எல்லா வயதினரையும் கேட்கச் சொல்லித்தான் பயிற்சி கொடுத்தார்கள். நான் முகம் பார்த்துக் கேட்டேன். பையன்களிடம் நிறுத்தி, நிதானமாக. உன் வயதுப் பெண்களிடம், "உங்களுக்கு அதெல்லாம் கெடையாதுல்ல?" என்று பதிலையும் சேர்த்தே கேட்டேன். கிடையாது என்றார்கள்.

பிறகு உன் கால் வீங்கியது. சிறுநீரகம் என்றார்கள். தஞ்சாவூரில் டாக்டர் கேட்டார்: "வலி மாத்திரை தொடர்ந்து சாப்பிடுவாங்களா?"

"இல்ல சார்" என்றேன். தயங்கவே இல்லை.

"தெனம் போடும் சார்" என்றான் தம்பி.

வெளியே வந்து அவன் சட்டையைப் பிடித்தேன். "ஏன்டா எங்கிட்ட சொல்லல?"

"ஒனக்குத் தெரியாதாக்கா? ஒங் கண்ணு முன்னாடிதான போடும்."

கண் முன்னால்தான். உடம்பு வலி என்று மருந்துக்கடையில் போய் நின்றால், பெயரில்லாத மாத்திரைகள் சிலவற்றைத் துண்டுத் தாளில் மடித்து 'ஒரு செட்' என்று தருவார்கள். அது உன் வெற்றிலைப் பையில் பாக்கோடு கிடக்கும். ஊரில் ஆள் குறைந்து, ஏக்கர் கணக்கில் கூலி பேசி நீங்கள் வேகமாக நட ஆரம்பித்த பிறகு, வயலில் இறங்குமுன் டீயோடு ஒன்று. அப்புறம் நடவு இல்லாத நாளிலும். போடாத காலையில் உன் கை நடுங்கியது. வயது, என்று நினைத்தேன். எவ்வளவு வசதியான சொல்.

கணக்கெடுப்பின் முடிவு பேப்பரில் வந்தது. இளைஞர்களைப் பற்றிய கவலை நிறைய. மாத்திரைப் பழக்கமும் கேள்விகளில் ஒன்றுதான்; ஆனால் உன் வயதுப் பெண்களைப் பற்றி ஒரு வரியும் இல்லை. நம் பக்கத்து ஊர்களில் அந்த வரியை இல்லாமல் செய்தவள் நான்.

நேற்று வரப்புக்குப் போனேன். தாள் கொண்டுபோகவில்லை. போதை என்ற சொல்லையும்.

"காலைல என்ன போட்டா அத்தை வயல்ல எறங்க முடியுது?"

மல்லிகா அத்தை என்னையே பார்த்தார். "இப்பத்தான் கேக்கத் தோணுச்சாடி ஒனக்கு?"

பையைப் பிரித்தார். வெற்றிலை, பாக்கு, மடித்த தாள். பக்கத்தில் இருந்தவர்களும் அவரவர் பையைப் பிரித்தார்கள். "பாத்துட்டுப் போயி போலீஸ்ல புடிச்சிக் குடுத்துடாதடி" என்று ஒருத்தி சொல்ல, எல்லாரும் சிரித்தார்கள். உன் சிரிப்பு, அம்மா. அதே சிரிப்பு.

கடைசியில், இந்த வருஷம்தான் நடவுக்கு வந்த ஒரு பெண்ணும் தன் பையைப் பிரித்தாள். அவளுக்கு என் வயது.

அத்தையையும் அந்தப் பெண்ணையும் ஆஸ்பத்திரிக்குக் கூப்பிட்டிருக்கிறேன். "நடவு முடியட்டும்டி" என்கிறார் அத்தை. நானும் விடமாட்டேன், அதுவரை தினமும் வரப்பில் போய் உட்காருவேன். இனி யாரிடமும் பதிலைச் சேர்த்துக் கேட்கமாட்டேன்.

கேளேன் என்று நீ சொல்லியும் கேட்காத
உன் பாப்பா