வெள்ளித்தாள் பக்கம் வெளியே

மச்சான்,

இன்று காலை கார் ஷெட்டை ஒழிக்கும்போது பழைய டயருக்குப் பின்னால் காரின் முன்கண்ணாடிக்கு உள்ளே மறைப்பாக வைக்கும் நம்முடைய வெயில் தட்டி கிடைத்தது. தூசியைத் தட்டி விரித்ததும் மைதா பசையின் புளித்த வாசனை குப்பென்று வந்தது. ஒரு பக்கம் வெள்ளித்தாள். மறுபக்கம் நாலு கண்ணுள்ள மாரியம்மன். ஓரமெல்லாம் பூச்சி அரித்திருக்கிறது, ஆத்தாவின் கண்களில் மட்டும் கை வைக்கவில்லை.

நீ போய் ஒரு வருஷம் ஆகப் போகிறது. மத்தியானம் சாப்பிட்டுப் படுத்தவர் எழுந்திருக்கவில்லை என்று உன் வீட்டிலிருந்து போன் வந்தபோது தேம்பித் தேம்பி அழுதேன். ஆனால் உள்ளுக்குள் ஓர் ஓரத்தில் நிம்மதியாகவும் இருந்தது, மறைக்க மாட்டேன். பட்டாசுக் கம்பெனியில் வெடிமருந்து கலக்கும் அறையில் பத்து வருஷம் நின்றவன் நீ. அப்படிப்பட்டவன் தன் வீட்டுக் கட்டிலில், தூக்கத்தில், ஒரு விரல்கூடக் குறையாமல் போனாய். நம் சிவகாசியில் அது எல்லோருக்கும் வாய்க்கிறதா?

கம்பெனி வேலையை விட்டு நீ என்னோடு காலண்டர் ஆர்டர் பிடிக்க வந்த முதல் வருஷம்தான் இந்தத் தட்டி பிறந்தது. நாற்கரச் சாலைக்காக ரோட்டோர மரங்களையெல்லாம் வெட்டிக்கொண்டிருந்த நேரம், காரை நிறுத்த நிழலே கிடையாது. என் பழைய வெள்ளைக் காரில் ஏசியும் இல்லை. கடைக்குள் அரை மணி நேரம் பேசிவிட்டு வந்தால் ஸ்டியரிங்கைத் தொட முடியாது. பின் சீட்டில் கிடக்கும் காலண்டர் மாதிரி ஆல்பத்தின் பளபளப்புத் தாள்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும். நீ பட்டாசு அட்டைப்பெட்டியை வெட்டினாய், மடிக்கிற இடத்தில் பைண்டிங் துணி ஒட்டினாய், வெளிப்பக்கம் வெள்ளித்தாள். உள்பக்கத்துக்கு, அச்சு விலகி அம்மனுக்கு நாலு கண் விழுந்துவிட்ட கழிவுத் தாள் ஒன்றைப் பிரஸ்ஸிலிருந்து எடுத்து வந்தாய்.

"இத எதுக்கு ஒட்டுத?" என்று கேட்டேன்.

"ஆத்தா மொகம்லே. குப்பையில போட மனசு வரல. உள்ள இருந்து வண்டியப் பாத்துக்கிடட்டும்."

உன் சட்டம் இரண்டே இரண்டுதான். வெள்ளித்தாள் பக்கம் வெளியே இருக்க வேண்டும். வண்டியில் வெடி ஏற்றக் கூடாது. "உச்சி வெயில்ல மருந்தத் தொட கம்பெனிலயே பயப்படுவாக. நீ நாலு கண்ணாடியையும் ஏத்திவிட்டு வெயில்ல போட்டுட்டுப் போற ஆளு" என்பாய்.

ஒரே நாளில் இரண்டு சட்டத்தையும் மீறிய பெருமை எனக்கு உண்டு.

அது ஆடி வெள்ளி. பதினெட்டாம் பெருக்குக்கு அடுத்த வருஷக் காலண்டர் ஆல்பம் வெளியாகி இரண்டு நாள்கூட ஆகவில்லை. காரியாபட்டி மளிகைக்கடை முதலாளி, "வரும்போது வீட்டுக்கு ஒரு பெட்டி புஸ்வாணம் கொண்டு வாங்களேன்" என்று சொல்லியிருந்தார். பெரிய ஆர்டர் தருகிறவர், அவர் மனம் கோணலாமா? முந்தின நாளே ஒரு பெட்டியை வாங்கித் துணிப்பையில் போட்டு, உனக்குத் தெரியாமல் பின் சீட்டுக்கு அடியில் தள்ளிவிட்டேன். அங்கே போய் அம்மன் கோயிலுக்கு எதிரே காரை நிறுத்தினோம். நீ ஆல்பத்தோடு முன்னே நடந்தாய். தட்டி வைப்பது என் வேலை. நான்தான் மேதாவி ஆயிற்றே! ஆத்தா வெளியே தெரிந்தால் நம் காலண்டருக்கு விளம்பரமும் ஆச்சு என்று படத்தை வெளிப்பக்கம் திருப்பி வைத்துவிட்டு வந்தேன்.

கடைக்குள் ஆர்டர் நல்லபடியாக முடிந்தது. வெளியே வந்து பார்த்தால் காரைச் சுற்றிப் பதினைந்து இருபது பேர். பானெட்டில் வேப்பிலை, எலுமிச்சம்பழம். ஒரு தட்டில் கட்டிக் கற்பூரம் முழங்கை உயரத்துக்கு எரிந்துகொண்டிருந்தது. கூழ் வாங்க வந்த பெண்கள் இடுப்பில் பிள்ளைகளோடு கண்ணாடிக்குப் பக்கத்தில் நின்று கும்பிட்டார்கள்.

பின் சீட்டுக்கு அடியில் தள்ளிய பெட்டி நினைவுக்கு வந்தது. பானெட்டுக்கும் பின் சீட்டுக்கும் எவ்வளவு தூரம் என்றெல்லாம் அந்த நேரத்தில் புத்தி கணக்குப் போடுமா? இத்தனை பேரையும் கொன்றுவிட்டேன் என்றுதான் தோன்றியது. "தள்ளுங்க, தள்ளுங்க" என்று கத்திக்கொண்டு ஓடினேன். ஒரு கிழவி கையை நீட்டி மறித்தாள்.

"செருப்பக் கழத்திட்டு வாங்கய்யா. ஆத்தா நாலு கண்ணத் தொறந்து பாக்கா, தெரியலியா?"

பின்னாலேயே வந்துவிட்ட உன் கையைப் பிடித்து இழுத்தேன். "மச்சான், பின் சீட்டுக்கு அடியில புஸ்வாணம் இருக்கு."

நீ நிதானமாகச் செருப்பைக் கழற்றினாய். கற்பூரத்தைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டு, தட்டை எடுத்துக் கிழவி கையில் கொடுத்து, "கோயிலுக்குள்ள கொண்டு போங்கத்தா" என்றாய். அப்புறம்தான் என் பக்கம் திரும்பினாய்.

"இருந்துச்சு. காலையில கெளம்பும்போதே எடுத்து, வாங்குன கடையிலயே குடுத்துட்டேன். அந்தப் பையில இப்ப என் துண்டும் ரெண்டு கொய்யாப்பழமும்தான் இருக்கு."

அப்படியே ரோட்டில் உட்கார்ந்துவிட்டேன். போன உயிர் திரும்பி வந்தது என்பார்களே, அது எப்படி இருக்கும் என்று அன்றைக்குத்தான் தெரிந்தது. பிள்ளைகள் ஒவ்வொன்றாகக் கோயில் பக்கம் போவதைப் பார்த்துக்கொண்டே அழுதேன். கண்ணைத் துடைத்ததும் நான் செய்த முதல் காரியம் உன்மேல் பாய்ந்ததுதான். "எங்கிட்ட ஒரு வார்த்த சொல்லக் கூடாதா?"

"சொன்னா நீ வாதாடுவ மாப்ள. எனக்கு வாதாடத் தெரியாது. எடுத்து வைக்கத்தான் தெரியும்."

விருதுநகர் வருகிற வரைக்கும் உன்னோடு பேசவில்லை. நீ ஒரு கொய்யாவை நீட்டினாய், வாங்கித் தின்றேன், அப்போதும் பேசவில்லை. என் திமிர் அப்படி. அதற்கப்புறம் எத்தனையோ வருஷம் ஒன்றாகச் சுற்றினோம். அந்த ஒரு நாளுக்காக உனக்கு நன்றி என்று நான் வாய் திறந்து சொன்னதே இல்லை. நீயும் அதை எதிர்பார்த்தவன் இல்லை.

இன்று மத்தியானம் மகள் காரில் சாத்தூர் போனோம், ஒரு கல்யாணம். வெயிலில்தான் நிறுத்த இடம் கிடைத்தது. நம் தட்டியை எடுத்து வைத்தேன், வெள்ளித்தாள் பக்கம் வெளியே. பூட்டுவதற்கு முன் வழக்கம்போலக் குனிந்து பின் சீட்டுக்கு அடியில் கையை விட்டுத் துழாவினேன்.

"எந்தக் காருனாலும் அப்படி என்னதான்ப்பா தேடுவீக?" என்றாள் மகள்.

"ஒண்ணுமில்லம்மா."

உண்மையைத்தான் சொன்னேன் மச்சான். அங்கே ஒன்றும் இல்லை என்று கைக்குத் தெரிகிற அந்த நொடிக்காகத்தான் ஒவ்வொரு முறையும் குனிகிறேன். அந்த நிம்மதி நீ கொடுத்தது.