நீ வருமுன்பே இருந்த கட்டி

என் மாதம்மாவுக்கு,

நாளைக்கு நம் முனியனுக்குக் கல்யாணம். பத்து வயதில் உன் முந்தானையைப் பிடித்துக்கொண்டு திரிந்த என் தம்பி, இப்போது மீசையை முறுக்கிக்கொண்டு நிற்கிறான். பொண்ணு அதியமான்கோட்டை. இதைப் பார்க்க நீ இல்லையே என்று காலையிலிருந்து மனசு கிடந்து அடித்துக்கொள்கிறது.

இன்னொரு சேதி. நம் கறுப்பிப் பசுவுக்குத் தோளுக்கு முன்னால் எலுமிச்சம்பழம் அளவு கட்டி. அம்மாவுக்கு இன்னும் தெரியாது. கடத்தூரிலிருந்து மாட்டு டாக்டரைக் கூட்டிவந்து காட்டினேன்.

"நெறி கட்டுற எடத்துல வர்ற புத்துநோய் மாதிரி இருக்குதுங்க. சில மாட்டுக்கு ரத்தத்துல ஒரு வைரஸ் பூந்து, வருசக்கணக்கா வெளிய தெரியாம கெடக்கும். சிலதுக்கு ஏன் வருதுன்னு எங்களுக்கே தெரியலீங்க. ஒரு மாட்டைக் குத்துன ஊசிய அப்படியே இன்னொண்ணுக்குப் போடாதீங்க."

"வூட்டுக்குப் புதுசா பொண்ணு வர்ற நேரத்தால வருங்களா?" என்று கேட்டேன். சிரித்துவிட்டார். "இன்னும் வராத பொண்ணு என்னங்க பண்ணும்?"

எனக்குச் சிரிப்பு வரவில்லை, மாது.

நீ வந்த மறுநாள் செவலைப் பசுவைக் கறக்கப் போய், கழுத்தைத் தடவிவிட்டு ஓடிவந்தாயே. "ஏங்க, மாட்டுக்குத் தோள்ல கட்டி தட்டுப்படுதுங்க." "எனக்குத் தெரியும், சத்தம் போடாத" என்றேன். கல்யாணத்துக்கு ஒரு மாதம் முன்பே பார்த்திருந்தேன். சொன்னால் சகுனம் சரியில்லை என்று அம்மா கல்யாணத்தையே நிறுத்தியிருப்பாள். உன்மேல் அவ்வளவு ஆசை எனக்கு, மறைத்துவிட்டேன்.

மூன்றாம் மாதம் செவலை செத்தது. "இவ காலெடுத்து வெச்ச நேரம், வூட்டு மகாலச்சுமி போயிருச்சு" என்றாள் அம்மா. நான் குனிந்த தலை நிமிராமல் களியைத் தின்றுகொண்டிருந்தேன்.

நீ சீராகக் கொண்டுவந்த கிடேரிக் கன்றும் சில வருஷம் கழித்து அதே கட்டியில் போனது. செவலை சாகுமுன் மூக்கணாங்கயிறு அறுந்து மறுபடி மூக்குக் குத்திய ஊசியைக் கழுவாமல் அன்றே அதற்கும் குத்தியவன் நான்தான். அதனால்தானா? டாக்டராலும் உறுதியாகச் சொல்ல முடியவில்லை. ஆனால் பழி மட்டும் மறுபடி உன் காலுக்கே வந்தது. நீ வந்தபோது நாம் சேலம் ஜில்லா, இப்போது தர்மபுரி தனி ஜில்லா. அந்தப் பேச்சு மட்டும் மாறவே இல்லை.

கடைசியில் நீயே நம்பிவிட்டாய். மாடு ஈனும்போதெல்லாம் "நா வேண்டாங்க" என்று வெளியே போய் நின்றாய். போன ஆடியில் காய்ச்சலில் கண்ணை மூடுகிறவரை அப்படித்தான். கட்டியை உன் கையாலேயே தொட்டிருந்தும் எப்படி நம்பினாய்? இல்லை, என்னைக் காட்டிக்கொடுக்க மனசு வரவில்லையா?

கறுப்பியின் கட்டியையும் மறைக்கத்தான் முதலில் தோன்றியது. என் புத்தி எங்கே போகும்! ஆனால் நேற்றே அம்மா ஆரம்பித்துவிட்டாள்: "வர்றவ கால் எப்படியோ."

தாலி ஏறட்டும், அதுவரை வாய் திறக்க மாட்டேன். அந்தக் கள்ளத்தனம் எனக்கு இன்னும் மிச்சமிருக்கிறது. பொண்ணு வாசலுக்கு வந்து, ஆரத்தித் தட்டோடு எல்லோரும் நிற்கும்போது, அம்மாவின் கையைப் பிடித்து மாட்டுக்கொட்டாய்க்குக் கூட்டிப்போய்க் கறுப்பியின் தோளில் வைப்பேன். "பாரும்மா, பொண்ணு இன்னும் வாசப்படி தாண்டல. செவலைக்கும் இப்படித்தான், மாது வர்றதுக்கு முன்னாலயே இருந்துச்சு. நாந்தான் மறைச்சேன்" என்று ஊர் கேட்கச் சொல்வேன். உனக்குக் கேட்கும்படி சொல்ல வேண்டியது, பதினைந்து வருஷம் தாமதமாகிவிட்டது.

அதற்குப் பிறகுதான் அந்தப் பொண்ணு உள்ளே கால் வைப்பாள். இது சத்தியம்.

உன் வீட்டுக்காரன்,
சின்னசாமி