கிஃப்ட் என்றொரு சொல்

ஒடென்சே
3 மார்ச் 2024

என் அருமை யசிந்தாவுக்கு,

வாட்ஸ்அப் இருக்கக் கடிதம் எழுதும் விசரிகள் நாங்கள் இரண்டு பேர்தான். நேற்றுத் தமிழ் மண்டபத்தில் நம் இங்கிலீஷ் கிழவரைப் பற்றிப் பேசினேன். அவருடைய கட்டுரைகளில் பகிடி என் பங்கு, அறம் உன் பங்கு என்று பிரித்து மொழிபெயர்க்கிறோமே, அதையும் சொன்னேன். "புத்திமதி சொல்லும்போது கதவுப் பக்கமாக நில்லுங்கள்" என்று அவர் எழுதியதற்குச் சனம் விழுந்து விழுந்து சிரித்தது. அதைவிட அதிகம் சிரித்த இடம் ஒன்றும் உண்டு, நேரில் சொல்கிறேன். நீ வராததில் எனக்குக் கோபம்தான். உன் மகள் நிறோஷினி வந்திருந்தாள், தேநீருக்குக்கூட நிற்கவில்லை.

உன் பாதியைக் கெதியாக அனுப்பு. அச்சகம் காத்திருக்கிறது.

உன்
மலர்

ஓல்போர்க்
9 மார்ச் 2024

மலர்,

அந்த இடம் எதுவென்று மகள் சொல்லிவிட்டாள்.

நான் டென்மார்க் வந்த புதிதில் கொம்யூன் என்கிற நகரசபை அலுவலகத்தில் ஒருத்தி "கிஃப்ட்?" என்றாள். டேனிஷில் கல்யாணம் ஆனதா என்று கேட்கிறாள். நானோ ஆங்கிலத்தில் பரிசு கேட்கிறாள் என்று நினைத்து, "ஒண்டும் கொண்டு வரேல்லை" என்றேன். இதை மட்டும் நீ மேடையில் சொல்லியிருந்தால் நானே முன்வரிசையில் இருந்து சிரித்திருப்பேன்.

நிறோஷினியின் அப்பா அடித்து, முகம் வீங்கி, கைக்குழந்தையோடு பெண்கள் காப்பகத்துக்குப் போன அன்றும் அதே கேள்விதான் வந்தது. அந்தச் சொல்லுக்கு நஞ்சு என்றும் பொருள் உண்டென்று அதற்குள் படித்திருந்தேன். "ஓம், ரெண்டும்தான்" என்றேன். இதை உன் வீட்டுக் குசினி அடுப்பருகே இருந்து அழுதழுது உனக்கு மட்டும்தான் சொன்னேன்.

முதல் கதை நிறோஷினிக்குச் சின்ன வயதிலிருந்தே தெரியும். இரண்டாவதும் என்னுடையதுதான் என்று விளங்க அவளுக்கு எவ்வளவு நேரம் வேண்டும்? "அப்பா உங்களுக்கு அடிச்சவரோ அம்மா?" என்று போனில் கேட்டாள். ஒத்துவராமல் பிரிந்தோம் என்றுதான் இத்தனை வருடமும் அவளுக்குச் சொல்லி வைத்திருந்தேன்.

ஏன் செய்தாய் மலர்?

யசிந்தா

ஒடென்சே
14 மார்ச் 2024

அன்புள்ள யசி,

உன் பெயரை நான் சொல்லவேயில்லை, "ஒரு தோழி" என்றுதான் சொன்னேன். அதற்கு இவ்வளவு கோபமா? அன்று சொல்லி முடித்துவிட்டு நீயும்தானே சிரித்தாய்? கிழவரே எழுதியிருக்கிறார்: "சிரிக்க முடிந்த துயரம் பாதி ஆறிய துயரம்." நிறோஷினியும் என்றைக்கோ ஒரு நாள் அறியத்தானே வேண்டும்.

கோபத்தைப் புத்தகத்தில் காட்டாதே. அட்டையில் இரண்டு பெயரும் ஏறிவிட்டன.

மலர்

ஓல்போர்க்
20 மார்ச் 2024

செல்வமலர் அவர்களுக்கு,

கிழவரை நீங்கள் பாதியில் நிறுத்திவிட்டீர்கள். அடுத்த வரி என் பங்கில் வந்தது: "ஆனால் யாரோடு சிரிப்பது என்பதை அழுதவரே முடிவு செய்யட்டும்."

என் பாதி வராது. அட்டையிலிருந்து என் பெயரை எடுத்துவிடுங்கள். கிழவர் வெறும் பகிடிக்காரராகவே வெளிவரட்டும்.

நிறோஷினி வந்து நிற்கிறாள். என் கன்னத்தைத் தொட்டுத் தொட்டுப் பார்க்கிறாள்.

நீங்கள் எனக்குக் கிடைத்த கிஃப்ட் என்று இங்கே எல்லோரிடமும் சொல்லித் திரிந்தேன். ஆங்கிலத்தில்தான் சொன்னேன்.

யசிந்தா