ஏழாம் நம்பரில் ஒட்டிய குங்குமம்

நாளை ஆயுத பூஜை. காலையில் ஈரத் துணியால் என் கோல்ஃப் மட்டைகளைத் துடைத்துக்கொண்டிருந்தேன். பழைய ஏழாம் நம்பரின் அடிப்பாகத்தைத் துடைத்தபோது வெள்ளைத் துணியில் சிவப்பு ஒட்டியது. இரும்பில் வெட்டியிருக்கும் 7 என்ற எண்ணின் பள்ளத்தில் இறுகிக் கிடந்த குங்குமம். நீங்கள் வைத்தது. நீங்கள் போன பிறகு இந்த வீட்டில் எந்த மட்டைக்கும் யாரும் பொட்டு வைக்கவில்லை.

துணியை ஓரமாக வைத்துவிட்டு இதை எழுத உட்கார்ந்தேன். உங்களிடம் கேட்க வேண்டியவை இருக்கின்றன. பதில் வராது என்று தெரியும். உயிரோடு இருந்தபோதும் உங்களிடமிருந்து நேரான பதில் வந்ததில்லை.

மட்டைகளைப் பூஜையில் வைப்பது உங்கள் ஏற்பாடு. குன்னூரில் தேயிலைத் தொழிற்சாலை இன்ஜினியராக நீங்கள் இருந்தபோது, ஸ்பேனரும் சுத்தியலும் அடுக்கிய வரிசையில் நம் இருவருடைய கோல்ஃப் பைகளும் வந்து உட்கார்ந்தன. கான்வென்ட்டில் படித்து வளர்ந்த எனக்கு அது வேடிக்கையாக இருந்தது. "இன்னா மேடம் சிரிக்கிற? எங்க ஊர்ல தறிக்கே பொட்டு வெப்பாங்க. இது மட்டும் இரும்பு இல்லியா?" என்றீர்கள்.

ஓய்வுபெற்று உங்கள் ஊரான காஞ்சிபுரத்துக்கு வந்து, செவிலிமேட்டில் வீடு கட்டிய பிறகும் வழக்கம் தொடர்ந்தது. பூஜைக்கு முன்னால் என் மட்டைகளைக் காரில் ஏற்றி, "பாலிஷ் போட்டுக்கினு வரேன்" என்று எடுத்துப் போவீர்கள். பளபளவென்று திரும்பி வரும். சந்தனம் குழைத்து ஒவ்வொன்றின் அடியிலும், சரியாக எண்ணின் மேலேயே, ஒரு பொட்டும் அதன் நடுவே குங்குமமும் வைப்பீர்கள். எண் மறைகிறதே, கொஞ்சம் தள்ளி வைத்தால் என்ன என்று வருடா வருடம் கேட்டேன். "அங்கதான் நல்லா நிக்கும்" என்பீர்கள்.

நான் எதையும் எளிதில் நம்புகிறவள் அல்ல. தராசைப் பார்க்காமல் காய் வாங்க மாட்டேன். பட்டுக் கடையில் விளக்கு வெளிச்சத்தில் விரித்துக் காட்டும் சேலையை வாசலுக்கு எடுத்துப் போய் வெயிலில் பார்க்காமல் ஒன்றுகூட வாங்கியதில்லை. உங்கள் அக்காவே, "இவ கோயில் பிரசாதத்தக்கூட மோந்து பாத்துட்டுத்தான் வாங்குவா" என்று உங்களிடம் புகார் சொன்னார். நீங்கள் சொன்னதை மட்டும் நான் வாசலுக்கு எடுத்துப் போய்ப் பார்த்ததில்லை.

சென்னை சாலையில் இருக்கும் அந்த மைதானம் நினைவிருக்கிறதா? ஆறாவது குழியில் நாம் நின்று அடிக்கும் இடத்துக்கும், கொடி நட்ட புல்திட்டுக்கும் நடுவே முழுவதும் குளம். அடித்தால் தாண்ட வேண்டும், இல்லையென்றால் தண்ணீரில். வழியில் தப்பித்துக்கொள்ள ஓரம்கூட இல்லாததால் எனக்குப் பிடித்த இடம் அது. அறுபது முடிந்த வருடம் அந்தக் கரையில் நின்று உங்களிடம் சொன்னேன்: "என்னுடைய ஏழாம் நம்பரால் இதைத் தாண்ட முடியாத அன்று பையை இறக்கி வைத்துவிடுவேன். அப்புறம் இந்த மைதானத்துக்கே வர மாட்டேன்." நீங்கள் சிரிக்கவில்லை. சொன்னால் செய்வேன் என்று உங்களுக்குத் தெரியும்.

எழுபது தாண்டியும் பந்து தாண்டியது. தோள்பட்டை வலித்தது, மணிக்கட்டு வீங்கியது, ஆனாலும் தாண்டியது. நம்மோடு ஆடும் டாக்டர் மாலதி என்னைவிட எட்டு வயது சின்னவள். அவளே அந்த இடத்தில், இன்னும் தூரம் போகும் ஐந்தாம் நம்பரை எடுக்கத் தொடங்கிவிட்டாள். நான் ஏழை எடுக்கும்போது, "அக்கா கையில மோட்டார் வெச்சிருக்காங்க" என்பாள். எனக்குப் பெருமை. ஏன் மறைக்க வேண்டும், நிறையவே பெருமை. பந்து அக்கரையில் விழும்போதெல்லாம் நீங்கள் கை தட்டுவீர்கள்.

இரண்டு விஷயங்கள் மட்டும் இடித்தன. ஏழைவிடக் கூடுதலாகப் போக வேண்டிய என் ஆறாம் நம்பர், ஏழாம் நம்பரின் தூரமே போனது. "ஆறு உனக்கு ராசி இல்ல, விடு" என்றீர்கள். ஏழாம் நம்பர் முன்போல் புல்லைச் சீவாமல் மண்ணைத் தோண்டியது. "நீதான் கோவமா அடிக்கிற. என்மேல இருக்கிற கோவத்த நெலத்துமேல காட்டாத" என்றீர்கள். நான் சிரித்துவிட்டேன். வேறு யாராவது சொல்லியிருந்தால் அளவுகோலைத் தேடியிருப்பேன்.

போன வருடம் மாசியில் நீங்கள் போன பிறகு பல மாதங்கள் மைதானம் பக்கமே போகவில்லை. திரும்பப் போனபோது முதலில் எல்லாம் சரியாகத்தான் இருந்தது. இந்தக் கோடையில் குளம் அகலமாகிவிட்டது. பந்து அக்கரை விளிம்புக்கு வந்து, ஒரு கணம் யோசிப்பது போல் நின்று, தண்ணீரில் விழுந்தது. அடுத்த வாரமும் அப்படியே. அடிக்கும் இடத்தைப் பின்னால் தள்ளிவிட்டார்கள் என்று முதலில் சந்தேகப்பட்டேன். ஆள் வைத்து அளந்தேன், தள்ளவில்லை. குளத்தைத் தூர்வாரிக் கரையை வெட்டினார்களோ என்று கேட்டேன். "ஒரு கூடை மண்ணு எடுக்கலமா" என்று காவலாளி சத்தியம் செய்தார். பந்து விற்றவர்மேல் சந்தேகம் வந்தது. காற்றின்மேலும் வந்தது. என்மேல் வரத் தொடங்கியபோது பயந்தேன். சொன்ன சொல் இருக்கிறதே.

மாலதிக்கு என் முகத்திலிருந்தே தெரிந்துவிட்டது. அவள் புது மட்டை வாங்கியிருந்தாள். வாங்கிய வாரமே அவளுடைய ஏழாம் நம்பர் குளத்தைத் தாண்டியது. மட்டை மாறினால் மனிதர் இளமையாகிவிடுவாரா? எனக்கு அது ஜீரணமாகவில்லை.

"அக்கா, வந்து பாருங்களேன். எத்தினி நாளைக்கு அந்தக் கடப்பாரையத் தூக்கிக்கினு சுத்துவீங்க?"

"கடப்பாரை உனக்கு. எனக்கு அது மட்டை" என்றேன். ஆனாலும் என் பையையும் எடுத்துக்கொண்டு அவளோடு சென்னைக்குப் போனேன்.

கடையில் வலை கட்டி, ஒரு பக்கம் பெரிய திரை வைத்திருந்தார்கள். கடைக்கார இளைஞர் என் கையில் புது ஏழாம் நம்பரைக் கொடுத்தார். தண்டு இரும்பில்லை, கார்பன், எடை தெரியவில்லை. வலையில் அடித்தேன். திரையில் வந்த தூரம், ஐம்பது வயதில் நான் அடித்த தூரம்.

"சூப்பர் ஆன்ட்டி! உங்க ஸ்விங்குல இன்னும் செம பவர் இருக்கு."

அந்த வீச்சு என்னுடையது, அதன் வயது எனக்குத் தெரியும். பட்டுச் சேலையைப் போல அந்த மட்டையையும் வாசல் வெளிச்சத்துக்கு எடுத்துப் போனேன். என் பழைய ஐந்தாம் நம்பரைப் பக்கத்தில் நிறுத்தினேன். இரண்டிலும் பந்தில் படும் முகம் ஒரே சாய்வு! எண் குறையக் குறைய மட்டையின் முகம் நிமிரும், பந்து தாழப் பறந்து தூரம் போகும் என்று குன்னூரில் எனக்குச் சொல்லிக் கொடுத்தவர் நீங்கள். இவர்கள் ஐந்தாம் நம்பரின் முகத்தைச் செய்து அதில் ஏழு என்று அடித்திருக்கிறார்கள்.

"தம்பி, இது ஏழு இல்லை. ஐந்து. கிழங்களைச் சந்தோஷப்படுத்த எண்ணை மாற்றி அடித்து விற்கிறீர்கள்."

"இப்ப எல்லா கம்பெனியும் அப்டித்தான் ஆன்ட்டி. முகத்த நிமித்தினாலும் பந்து மேல எழும்பற மாதிரி அடியில வெயிட் வெச்சிருப்பாங்க. ஏமாத்தறது இல்ல."

"எழும்பட்டும். எண் பொய்தானே?" என்றேன். மாலதி உள்ளே வேறெதையோ பார்ப்பது போல் நகர்ந்துவிட்டாள். நான் விடவில்லை. என் பழைய ஏழாம் நம்பரை எடுத்து அவரிடம் நீட்டினேன். "சாய்வை அளக்கும் கருவி இருக்கிறதல்லவா? இதை வைத்துப் பாருங்கள். உண்மையான ஏழு எப்படி இருக்கும் என்று தெரிந்துகொள்ளுங்கள்."

வைத்துப் பார்த்தார். கழற்றி மறுபடி வைத்தார். பிறகு தண்டு இரும்பில் சேரும் கழுத்துப் பகுதியை விரலால் தடவினார்.

"ஆன்ட்டி, இதுவும் ஏழு இல்ல. கிட்டத்தட்ட அஞ்சுக்கு வந்துடுச்சி. யாரோ வளைச்சிருக்காங்க. இது சாஃப்ட் இரும்பு, வளைக்கலாம். ஆனா இது கோல்ஃப் கடை வேல இல்ல. பட்டறை வைஸ் இடுக்கில கடிக்க வெச்சி வளைச்சிருக்காங்க, பல்லு பட்ட தடம் பாருங்க. இப்டி வளைச்சா மண்ணத் தோண்டுமே."

பார்த்தேன். கழுத்தில், பாலிஷுக்கு அடியில், வரிசையாக மெல்லிய கீறல்கள். மற்ற மட்டைகளில் ஒன்றும் இல்லை. கடையில் எனக்கு உட்கார நாற்காலி கொடுத்தார்கள். நான் உட்காரவில்லை.

காஞ்சிபுரம் திரும்பியதும் வீட்டுக்குப் போகவில்லை. டிரைவரிடம் நேரே பிள்ளையார்பாளையம் போகச் சொன்னேன். இந்த ஊரில் உங்களுக்காக இரும்பை வைஸில் வைக்கக்கூடியவர் ஒருவர்தான்: தறிக்கு இரும்பு வேலை செய்யும் பட்டறை வைத்திருக்கும் உங்கள் பள்ளித் தோழர் ஏகாம்பரம். மட்டையோடு நான் காரிலிருந்து இறங்கியதைப் பார்த்ததுமே, வேலையை நிறுத்திவிட்டுக் கையைத் துடைத்துக்கொண்டார்.

"கண்டுபுடிச்சிட்டீங்களா அண்ணி?"

"எத்தனை முறை?"

"ஒரே வாட்டில வளைச்சா ஒடிஞ்சிடும்ல. வருசா வருசம் துளித்துளியா. அவரே பக்கத்துல ஒக்காந்துக்கினு, 'மெதுவாடா, மெதுவாடா, அவ கண்ணு கழுகு கண்ணு'ன்னு சொல்லிக்கினே இருப்பாரு. எனக்குத் தறிக் கம்பிய வளைக்கவே அவ்ளோ பயம் வந்ததில்ல."

"நீங்களாவது தடுத்திருக்கக்கூடாதா?"

"கேட்டேனே. எதுக்குடா இந்தத் திருட்டு வேலன்னு. 'அவ சொன்னா சொன்னதுதான்டா. பந்து தண்ணில வுழுந்திச்சின்னா அன்னியோட பைய எறக்கி வெச்சிடுவா. அப்பறம் நான் யார் கூடப் போயி சண்ட போட்டுக்கினு ஆடறது?'ன்னாரு." கொஞ்சம் நிறுத்தி, "நிமித்திக் குடுத்துடட்டா அண்ணி?" என்று கேட்டார்.

"வேண்டாம். அதை இனி யாரும் தொடக்கூடாது."

அன்றிலிருந்து உங்கள்மேல் கோபமாக இருக்கிறேன். எந்த வருடத்துத் தாண்டல் வரைக்கும் என்னுடையது, எங்கிருந்து பட்டறையுடையது? நீங்கள் கை தட்டியது யாருக்கு, எனக்கா, ஏகாம்பரத்துக்கா? வீட்டில் எல்லாவற்றையும் இப்போது வெளிச்சத்தில் வைத்துப் பார்க்கிறேன். என் எடை கூடவே இல்லை என்று காட்டிய அந்த எடை இயந்திரத்தை மாற்றிவிட்டேன். நான் செய்த கேக் கருகவில்லை என்று இரண்டு துண்டு சாப்பிட்டீர்களே, அதுவும் சந்தேகமாக இருக்கிறது. என் பாட்டு நன்றாக இருக்கிறது என்று ஒருமுறை சொன்னீர்கள். அதைப் பற்றி யோசிக்காமல் இருப்பது நல்லது.

ஊரில் ஒவ்வொருவரையும் சந்தேகித்து, சரியான ஒருவரை விட்டுவிட்டேன். இது உங்களுக்கு எவ்வளவு வேடிக்கையாக இருந்திருக்கும் என்பதை நினைத்தால் இன்னும் கோபம் வருகிறது. ஆனால் இன்னொன்றையும் யோசித்தேன். பந்து தண்ணீரில் விழத் தொடங்கியது, குளம் அகலமானதால் அல்ல. எனக்குத் திடீரென்று வயதானதாலும் அல்ல. போன வருடம் தீட்டு என்று பூஜை இல்லை. மட்டையைப் பாலிஷ் போட எடுத்துப் போக ஆள் இல்லை.

புது மட்டைகளை வாங்கினேன். மணிக்கட்டுக்கு அந்தக் கார்பன் தண்டு வேண்டியிருந்தது, அதை மறுக்க நான் முட்டாள் அல்ல. ஆனால் ஒவ்வொன்றையும் அளவு கருவியில் வைத்து, சாய்வு எவ்வளவு என்று என் கண்முன் பார்த்த பிறகே வாங்கினேன். "இவ்ளோ கேள்வி யாருமே கேட்டதில்ல ஆன்ட்டி" என்றார் அந்த இளைஞர். கேட்டிருக்க வேண்டும்.

சென்ற வாரம் ஆறாவது குழியில் புது மட்டைகளில் ஐந்தாம் நம்பரை வெளியே எடுத்தேன். மாலதி கண்ணை விரித்தாள்.

"என்னக்கா, அஞ்சா? மோட்டார் ரிப்பேரா?"

"மெக்கானிக் போய்விட்டார்" என்றேன். அவளுக்குப் புரியவில்லை. பந்து தாண்டியது. யாரும் கை தட்டவில்லை. ஆனாலும் அது முழுவதும் என்னுடையது. பையை இறக்கி வைப்பேன் என்று சொன்ன சொல் என்னவாயிற்று என்று நீங்கள் கேட்கலாம். ஏழாம் நம்பரால் தாண்ட முடியாத நாள் எது என்பதை எனக்குத் தெரியாமல் செய்துவிட்டீர்கள். தெரியாத நாளில் நான் எப்படி நிறுத்த முடியும்? நீங்கள் நினைத்ததும் அதுதானே.

ஒரு பையில் பதினான்கு மட்டைகள்தான் இருக்கலாம் என்பது விதி. பழைய ஏழாம் நம்பருக்கு இடம் வேண்டுமென்று ஒரு நல்ல புது மட்டையை வீட்டிலேயே விட்டுவிட்டுப் போகிறேன். அதை எடுத்து அடிப்பதில்லை. அது பையில் இருக்கிறது, என் தோளில் வருகிறது, அவ்வளவுதான்.

இப்போது சந்தனம் குழைத்துவிட்டேன். நான் குங்குமம் தொட்டு வைப்பதைப் பார்த்தால் உங்கள் அக்கா ஏதாவது சொல்வார், சொல்லட்டும். புது மட்டைகளுக்கெல்லாம் எண்ணுக்குப் பக்கத்தில் தள்ளி வைத்திருக்கிறேன். எண் தெரிய வேண்டும். பழைய ஏழாம் நம்பருக்கு மட்டும், பள்ளத்தில் மிச்சமிருந்த உங்கள் சிவப்பைத் துடைக்காமல், எண்ணின் மேலேயே வைத்தேன். அங்கேதான் நன்றாக நிற்கிறது.