சாக்கை விலத்தியவன்

செவ்வாய்க்கிழமை, இரவு.

பின்னேரம் பம்பலப்பிட்டியிலிருந்து வீட்டுக்கு வரும்போது காலிக்குப் போகும் பெருவீதியின் நடுவில் ஒரு சாக்கு கிடந்தது. குண்டென்று நினைத்து, பிரேக்கை இறுக்கி மிதித்தபடி ஸ்டியரிங்கை வெட்டினேன். சில்லுகள் இறுகி, கார் திரும்பாமல் சாக்கை நோக்கியே வழுக்கியது. பயத்தில் கால் நழுவி பிரேக் விடுபட்ட பிறகுதான் பட்டென்று திரும்பியது. என் திறமை அவ்வளவுதான். ஆமியின் சென்றிச் சாவடிக்கு முன்னால் போய் நின்றேன்.

ஆமிக்காரன் சிங்களத்தில் கேட்டான். "எல்லாரும் அதுக்கு மேலாலதானே போறாங்கள். நீ மட்டும் ஏன் வெட்டினாய்? உள்ளுக்கு என்ன இருக்கெண்டு தெரியுமோ?"

"பயம், மல்லி," என்று அவனுடைய மொழியிலேயே தம்பி முறை சொன்னேன்.

அதற்குள் ஒரு லொறி சாக்கை நசுக்கிப் போக, தேங்காய்ப் பொச்சு நார்நாராய்ச் சிதறியது. அப்படியும் என் தமிழ்ப் பெயரையும் விலாசத்தையும் எழுதிக்கொண்டுதான் விட்டான்.

வீட்டில் இதைப் பகிடியாகச் சொன்னேன். மனைவி சிரிக்கவில்லை.

"இஞ்சேருங்கோ, உண்மையாவே உங்களுக்கு ஒண்டும் தெரியாதோ?"

"பொச்சைப் பற்றியோ?"

"பகிடி விடாதேங்கோ. ஆமிக்காரங்கள் வீடு தேடி வந்தா பிள்ளையளுக்கு நான் என்ன சொல்லுறது?"

இப்போது சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்திருக்கிறாள். நித்திரை இல்லை என்பது மூச்சிலேயே தெரிகிறது. ஆமிக்காரனாவது என்னைப் போகவிட்டான்.